காலி அலைக்கற்றையில் பேசும் ரேடியோக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தகவல்தொடர்புப் பொறியியல் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போதும், கிராமங்களில் இணையச் சேவை நடத்துபவர்களிடம் பேசும்போதும் மற்றவருக்கு ஒதுக்கிய அலைவரிசையில் காலி இடம் தேடிப் பேசும் ரேடியோக்கள் பற்றி ஒரே சந்தேகங்கள் வெவ்வேறு வாயிலிருந்து வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே வைத்திருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறித்திருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது. உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்க டிவி பேண்டிலிருந்து வருகின்றன. இதற்கான விதிகள் விரிவாக எழுதப்பட்டு, அடித்துத் திருத்தப்பட்டது அங்கேதான். நம் நாட்டு நிலவரம் 17-ஆம் கேள்வியில் இருக்கிறது.

1. அலைக்கற்றையைத்தான் ஏலம் போட்டு வித்துட்டாங்களே, அப்புறம் காலி இடம் எங்கிருந்து வரும்?

ஓர் அலைவரிசைக்கு உரிமம் கொடுத்தாயிற்று என்றால், அது எல்லா ஊரிலும் எந்நேரமும் பயன்பாட்டில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. டிவியையே எடுத்துக்கொள்ளுங்கள். உயரமான கோபுரங்களிலிருந்து பெரும் சக்தியில் ஒளிபரப்பும் இரண்டு நிலையங்கள் ஒரே சேனலில் இருந்தால், அவற்றுக்கு நடுவே மிகப் பெரிய இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் இடையில் இருக்கும் வீடுகளில் இரண்டுமே தெரியாது. அப்படி விட்ட இடைவெளியில் இன்னொரு பெரிய கோபுரம் வைக்க முடியாது. ஆனால் 4 வாட் அளவில் பேசும் சின்ன ரேடியோ ஒன்று அங்கே யாரையும் தொடாமல் வேலை செய்யலாம். இந்த இடங்களுக்குத்தான் டிவி ஒயிட் ஸ்பேஸ் என்று பெயர்.

அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.சி. 2008 நவம்பரில் இதற்கு அனுமதி கொடுத்தது. 2009 ஜூன் 12-ஆம் தேதி அங்கே முழுச்சக்தி அனலாக் டிவி நிறுத்தப்பட்டது. எங்கே எது காலி என்று தெரிந்துகொண்டு தன்னை மாற்றிக்கொள்ளும் இத்தகைய கருவிக்குக் காக்னிடிவ் ரேடியோ என்று பெயர் வைத்தவர் ஜோசப் மிட்டோலா. 1990-களின் கடைசியில், ஸ்டாக்ஹோமின் கே.டி.ஹெச். பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில் இருந்து வந்த பெயர் அது.

2. வைஃபைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் சும்மாவே கிடைக்குதே, டிவி பேண்டுக்கு ஏன் இவ்வளவு ஆசை?

தூரம்தான் காரணம். ஒரே மாதிரி ஆன்டெனா வைத்துக்கொண்டால், 600 மெகாஹெர்ட்ஸில் போகும் சிக்னலுக்கு 2,400 மெகாஹெர்ட்ஸில் போவதைவிட 12 டெசிபெல் இழப்பு குறைவு. அதாவது மறுமுனையில் 16 மடங்கு சக்தி கிடைக்கும். மரம், சுவர், தோப்பு குறுக்கே வந்தால் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். தென்னந்தோப்பு தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் லிங்க் போட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதற்கு விலையும் உண்டு. 600 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளமே 25 சென்டிமீட்டர். எனவே ஆன்டெனா பெரிதாகிறது. கைபேசிக்குள் அடக்குவது கஷ்டம். கூரையில் வைக்கும் கருவிக்குப் பொருத்தம்.

3. காலியா இருந்தா அனுப்பிட்டுப் போக வேண்டியதுதானே, இதுல என்ன பெரிய டெக்னிக்?

ரயிலில் ஒரு பெர்த் காலியாகத் தெரிகிறது, உட்காருகிறோம். விழுப்புரத்தில் அதற்கு ரிசர்வ் செய்தவர் ஏறினால் எழுந்துவிட வேண்டும். காக்னிடிவ் ரேடியோவின் ஒப்பந்தமும் அதுதான். ஆனால் ரயிலில் வருபவரைக் கண்ணால் பார்க்கிறோம். இங்கே யாருக்கு இடைஞ்சல் செய்யக் கூடாதோ, அந்த டிவிப் பெட்டி ஒரு சத்தமும் போடாமல் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் ரேடியோ எத்தனை கூர்மையாகக் கேட்டாலும் அந்தப் பெட்டி இருப்பது அதற்குத் தெரியாது.

இந்தத் துறையின் எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் கிளைக்கிறது. ஒரு சேனல் காலியா இல்லையா என்பது அனுப்புபவர் நிற்கும் இடத்தில் முடிவாவதில்லை. கேட்பவர் இருக்கும் இடத்தில் முடிவாகிறது. கீழே வரும் பாதிப் பதில்கள் இந்த ஒன்றை வேறு வேறு பக்கத்திலிருந்து பார்ப்பவைதான்.

4. சரி, ஒரு சேனல் காலியான்னு ரேடியோவுக்கு எப்படித்தான் தெரியும்?

மூன்று வழி. தானே காது கொடுத்துக் கேட்பது சென்சிங். தன் இடத்தைச் சொல்லி, இங்கே எந்தச் சேனல் காலி என்று இணையத்தில் ஒரு டேட்டாபேஸைக் கேட்பது இரண்டாவது. உரிமைக்காரரே 'நான் இருக்கிறேன்' என்று ஒரு சிறு அடையாள சிக்னலை அனுப்புவது மூன்றாவது. அதற்கு பீக்கன் என்று பெயர். பீக்கன் பெரிதாக நிலைக்கவில்லை. முன்பே உரிமம் வைத்திருப்பவர், புதிதாக வருபவருக்காக ஏன் கருவி வாங்கி மாட்ட வேண்டும்?

5. எங்க வீட்டு ரவுட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸ் பேர் சில சமயம் ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் வருது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம் உண்டு. 5,250 முதல் 5,350 வரையிலும், 5,470 முதல் 5,725 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் பல நாடுகளில் ரேடார்கள் இயங்குகின்றன. அங்கே போகும் வைஃபை டி.எஃப்.எஸ். என்ற விதிக்குக் கட்டுப்பட வேண்டும். சேனலைத் தொடுவதற்கு முன் 60 விநாடி வாய் மூடிக் கேட்க வேண்டும். இயங்கும்போது ரேடார் துடிப்பு கேட்டால் 10 விநாடிக்குள் விலகி, அடுத்த 30 நிமிடம் அந்தப் பக்கம் போகக் கூடாது.

நீங்கள் காத்திருக்கும் அந்த ஒரு நிமிடம் இந்தக் கேட்கும் நேரம்தான். ஆக, காக்னிடிவ் ரேடியோவின் எளிய வடிவம் ஒன்று ஏற்கெனவே பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ரேடாரைக் கேட்பது மட்டும் ஒப்பீட்டில் சுலபம்: அது பலமாக அனுப்புகிறது, அனுப்பும் இடத்தில்தான் கேட்கவும் செய்கிறது. டிவி அப்படி இல்லை.

6. மைனஸ் 114 டிபிஎம் வரை கேட்கணும்ங்கிறாங்க. அது இரைச்சலுக்கே கீழே ஆச்சே, எப்படிக் கேட்க முடியும்?

முதலில் எண்ணைப் பார்ப்போம். டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபெலில் சொல்லும் சக்தி அளவு. எஃப்.சி.சி. டிவி சிக்னலுக்கு வைத்த சென்சிங் எல்லை அது. ஒரு வாட்டை இரண்டரைக் கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் மைனஸ் 114 டிபிஎம். 6 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் இயற்கையான வெப்ப இரைச்சலே மைனஸ் 106. ரிசீவர் தன் பங்குக்கு ஒரு 9 டெசிபெல் சேர்த்தால் மைனஸ் 97. ஆக, இரைச்சல் ஐம்பது பங்கு, சிக்னல் ஒரு பங்கு.

மொத்த சக்தியை அளந்து 'கூடியிருக்கிறதா' என்று பார்ப்பது எனர்ஜி டிடெக்ஷன். மேலே சொன்ன கணக்கில் சிக்னல் வந்தால் மொத்தம் 2 சதவீதம் கூடும். அறை வெப்பம் 6 டிகிரி ஏறினாலே வெப்ப இரைச்சலும் அதே 2 சதவீதம் கூடிவிடும்! எது டிவி, எது வெயில் என்று இந்த முறையால் பிரிக்க முடியாது. இரைச்சலின் அளவு நமக்கு 1 டெசிபெல் துல்லியத்தில்தான் தெரியும் என்றால், இரைச்சலைவிட சுமார் 3.3 டெசிபெலுக்கு மேல் தாழ்ந்திருக்கும் சிக்னலை எத்தனை நேரம் கேட்டாலும் எனர்ஜி டிடெக்ஷன் கண்டுபிடிக்காது. ஆய்வாளர்கள் டாண்ட்ரா, சஹாய் இருவரும் 2008-இல் விரிவாக எழுதிய எஸ்.என்.ஆர். (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) சுவர் இதுதான். சராசரியை நீட்டிக்கொண்டே போனால் எதையும் பிடிக்கலாம் என்று நினைக்கும் மாணவர்கள் இந்தச் சுவரில் ஒருமுறை முட்டிப் பார்ப்பது அவசியம்.

தப்பிக்கும் வழி, சிக்னலின் சொந்த அடையாளத்தைத் தேடுவது. அமெரிக்க டிஜிட்டல் டிவியில் சேனலின் கீழ் விளிம்பிலிருந்து சுமார் 309 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஒரு பைலட் தொனி, அதாவது ரிசீவர் பிடித்துக்கொள்ள எப்போதும் வரும் ஒற்றை அலைவரிசை, உண்டு. மொத்த சக்தியில் அது 7 சதவீதம்தான். ஆனால் அந்த இடத்தில் 10 கிலோஹெர்ட்ஸ் அகல ஃபில்டர் வைத்தால் இரைச்சல் பெருமளவு வெளியே நின்றுவிடும். தொனியும் இரைச்சலும் ஏறக்குறைய சமமாகும். ஃபில்டரை 1 கிலோஹெர்ட்ஸாக்கினால் தொனி பத்து மடங்கு தூக்கி நிற்கும். எதிரொலியால் அந்த ஒற்றை அலைவரிசை மட்டும் அமுங்கிப்போகும் ஆபத்து உண்டு, அதனால் இதை மட்டும் நம்பவும் முடியாது. டிவிபி-டி என்ற டிஜிட்டல் டிவித் தரம் போல, தகவலைப் பல சிறு கேரியர் அலைகளில் பிரித்து அனுப்பும் ஓ.எஃப்.டி.எம். டிவியில் இப்படி ஒற்றைத் தொனி கிடையாது. அங்கே ஒவ்வொரு சிம்பலின் (ஒரு தடவைக்கு அனுப்பும் அலைத் துண்டு) வாலும் தலையில் மறுபடி வருகிறது. அந்த ஒற்றுமையைத் தேட வேண்டும்.

7. டிவிக்கே அவ்வளவு நுட்பமான சிக்னல் போதாதே. அது பார்க்க முடியாததை நான் ஏன் கேட்கணும்?

நல்ல கேள்வி. அமெரிக்க டிஜிட்டல் டிவி ஓடுவதற்கு மைனஸ் 84 டிபிஎம் அளவு வேண்டும். சென்சிங் எல்லை அதற்கும் 30 டெசிபெல் கீழே, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. பார்த்தால் அநியாயமாகத்தான் தெரியும்.

மாடியில், கம்பத்தின் உச்சியில் கோபுரத்தை நோக்கித் திருப்பிய ஆன்டெனா ஒரு வீட்டில் இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தரைத்தளத்தில், இரண்டு கான்கிரீட் சுவருக்குப் பின்னால் உங்கள் கருவி இருக்கிறது. அவருக்கு நன்றாக வரும் சிக்னல் உங்களுக்கு எட்டவே இல்லை. 'காலி' என்று நினைத்து நீங்கள் அனுப்பினால் அவர் படம் உடையும். மறைமுனைச் சிக்கல் என்பது இதுதான். 3-ஆம் கேள்வியில் சொன்ன பிரச்சினைக்கு எண்ணால் கட்டிய வேலி அந்த 30 டெசிபெல். வேலியின் விளைவு என்னவென்றால், உண்மையிலேயே காலியாக இருக்கும் பல சேனல்களையும் ரேடியோ பயந்து விட்டுவிடும்.

8. ஒரு ரேடியோவுக்குக் கேட்கலேன்னா, அஞ்சு ரேடியோ சேர்ந்து கேட்டா?

பெரிதும் உதவும். ஒவ்வொன்றும் பத்தில் ஒரு முறை டிவியைத் தவறவிடும் என்று வையுங்கள். ஐந்தில் ஒன்று கேட்டாலும் போதும், விலகிவிடுவோம் என்று விதி வைத்தால், ஐந்தும் சேர்ந்து தவறவிடும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று. அதே விதியில், ஒவ்வொன்றும் பத்தில் ஒரு முறை இல்லாத டிவியை இருப்பதாகச் சொன்னால், கூட்டாகப் பொய் எச்சரிக்கை வரும் வாய்ப்பு 41 சதவீதம் ஆகிவிடும். காலிச் சேனலைப் பாதி நேரம் வீணாக்கியது போலத்தான். அதனால் பெரும்பான்மை விதி, அல்லது நம்பகமான காதுக்கு அதிக எடை என்று நடுவழி தேடுகிறார்கள்.

லட்சத்தில் ஒன்று என்ற கணக்கு, ஐந்தும் தனித்தனியாகத் தவறு செய்தால்தான் சரி. ஐந்தையும் ஒரே மலைச்சரிவின் பின்புறம் வைத்தால் ஐந்துக்கும் ஒரே நிழல்தான் விழும். ஆய்வுக் கட்டுரைகளில் அழகாக வரும் வளைவுகள் களத்தில் ஏமாற்றுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

9. டேட்டாபேஸ் கிட்ட கேட்டா முடிஞ்சது, சென்சிங்குக்காக இவ்வளவு கஷ்டம் எதுக்கு?

எஃப்.சி.சி.யும் அப்படித்தான் முடிவெடுத்தது. 2008-இல் இரண்டும் வேண்டும் என்றார்கள். 2010 செப்டம்பரில், டேட்டாபேஸைக் கேட்கும் கருவிக்குச் சென்சிங் கட்டாயமில்லை என்று மாற்றினார்கள். கருவி தன் இடத்தை 50 மீட்டர் துல்லியத்தில் சொல்ல வேண்டும். நிலையான கருவி என்றால் ஆன்டெனா உயரத்தையும், கருவியின் அடையாள எண்ணையும் தர வேண்டும். டிவி நிலையங்களின் எல்லைகளைக் கணக்கிட்டு, எந்தச் சேனல், எத்தனை சக்தி என்று பட்டியல் வரும். நாளுக்கு ஒரு முறையாவது மீண்டும் கேட்க வேண்டியிருந்தது. தொடர்பு கிடைக்காவிட்டால் மறுநாள் இரவு 11:59 வரை ஓட்டலாம், பிறகு நிறுத்த வேண்டும் என்பது அன்றைய விதி. இந்தப் பேச்சுக்கான பொது நெறிமுறை 'பாஸ்' என்ற பெயரில் 2015 மே மாதம் ஆர்.எஃப்.சி. 7545 என்ற இணையத் தர ஆவணமாக வெளியானது.

டிவிக் கோபுரம் நகராது, நேரமும் மாற்றாது. அதனால் டேட்டாபேஸ் அதற்குக் கச்சிதம். வயர்லெஸ் மைக் அப்படியா? இன்று இரவு ஓர் அரங்கில் இருக்கும், நாளை இருக்காது. பெரிய நிகழ்ச்சிக்காரர்கள் முன்கூட்டிப் பதிவு செய்யலாம். பதியாத மைக்குகளைக் கண்டுபிடிக்க இன்னும் காதுதான் வேண்டும். சென்சிங்கை மட்டுமே நம்பும் கருவிக்கும் எஃப்.சி.சி. ஒரு வழி வைத்தது, ஆனால் 50 மில்லிவாட்டுக்கு மேல் கூடாது. நிலையான கருவிக்குக் கொடுத்த 4 வாட்டோடு இதை ஒப்பிட்டாலே காதின் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை எவ்வளவு என்று புரியும். இணையத்தை எட்டிப் பிடிக்க முதலில் இணையம் வேண்டுமே என்று அடுத்துக் கேட்பார்கள். கோபுரத்தில் இருக்கும் தலைமை ரேடியோ மட்டும் டேட்டாபேஸைக் கேட்டால் போதும். வீடுகளில் இருப்பவை அதன் சொல்படி நடக்கும்.

10. தானே கத்திக்கிட்டு இருக்கும்போது அடுத்தவர் குரல் எப்படிக் கேட்கும்?

கேட்காது. அதனால் இடையிடையே எல்லோரும் ஒன்றாக வாயை மூட வேண்டும். டிவி பேண்டுக்கென்றே 2011-இல் வந்த, ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் 802.22 தரத்தில், ஃபிரேம் எனப்படும் 10 மில்லிசெகண்ட் நேரத் துண்டுகள் 16 சேர்ந்து 160 மில்லிசெகண்ட் சூப்பர்ஃபிரேம். அதில் சில இடங்கள் அமைதி நேரமாக ஒதுக்கப்படும். முதலில் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவாக எனர்ஜியை மட்டும் அவசரமாக எட்டிப் பார்ப்பது. சந்தேகம் வந்தால் நீண்ட அமைதி எடுத்து, 6-ஆம் கேள்வியில் சொன்ன அடையாளத் தேடல். அமெரிக்க டிவியின் ஒத்திசைவுக் குறி 24 மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான் வருகிறது. அதைப் பிடிக்க அவ்வளவு நேரமாவது மௌனம் வேண்டும்.

பக்கத்து ஊர் கோபுரமும் அதே நேரம் மௌனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் குரலை நம் ரேடியோ டிவி என்று நினைத்துவிடும். எனவே கோபுரங்கள் ஜி.பி.எஸ். கடிகாரத்தை வைத்து மௌனத்தை ஒத்திசைக்கின்றன. உரிமைக்காரர் வந்ததை 2 விநாடிக்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்பது தரத்தின் எதிர்பார்ப்பு.

11. காலிச் சேனல் ஒட்டாம துண்டு துண்டா இருந்தா என்ன செய்றது?

ஓ.எஃப்.டி.எம். இதற்கு வசதி. அகலமான பட்டையை நூற்றுக்கணக்கான சிறு கேரியர்களாகப் பிரித்து, உரிமைக்காரர் இருக்கும் இடத்தில் வரும் கேரியர்களை மட்டும் அணைத்துவிடலாம். தாளில் மிக எளிது.

அணைத்த இடம் உண்மையில் காலியாக இருக்காது என்பதுதான் தொல்லை. ஒவ்வொரு கேரியரும் இரு பக்கமும் கசிகிறது. முதல் கசிவு வெறும் 13 டெசிபெல்தான் தாழ்ந்திருக்கும், அதற்கப்புறமும் மெதுவாகத்தான் குறையும். 2008 விதியோ அடுத்த சேனலில் 55 டெசிபெல் தாழ வேண்டும் என்றது. மூன்று லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் கசியக் கூடாது! எல்லையில் இன்னும் சில கேரியர்களைத் தியாகம் செய்வது, சிம்பலின் ஓரங்களை மழுங்கடிப்பது, ஒவ்வொரு கேரியரையும் தனித்தனியாக வடிகட்டும் ஃபில்டர் பேங்க் முறைக்கு மாறுவது என்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் வேகத்தையோ கணக்கு வேலையையோ விலையாகக் கேட்கும்.

சிமுலேஷனில் சுத்தமாக வந்த பள்ளத்தை வன்பொருளில் நிறைத்துவிடுவது பவர் ஆம்ப்ளிஃபையர். ஓ.எஃப்.டி.எம். சிக்னலில் அவ்வப்போது உயரமான உச்சங்கள் வரும். ஆம்ப்ளிஃபையர் அவற்றை நசுக்கினால், நீங்கள் பாடுபட்டு அணைத்த இடத்தில் புதிய அலைவரிசைகள் முளைக்கும். ஸ்பெக்ட்ரம் அனலைசர் திரையில், சக்தியை 3 டெசிபெல் ஏற்றும்போது பள்ளத்தின் தரை மேலே எழுந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்முறை இது. கசிவைக் கணினியில் மட்டும் அளந்து ஆய்வை முடிக்காதீர்கள்.

12. ரெண்டு ரேடியோவும் ஆளுக்கொரு சேனல்ல தேடிக்கிட்டு இருந்தா எங்க சந்திக்கும்?

கோபுரம் இருக்கும் வலையமைப்பில் சிக்கல் இல்லை. கோபுரம் அறிவித்துக்கொண்டே இருக்கும். வீட்டுக் கருவி ஒவ்வொரு சேனலாகத் தேடி அதைக் கேட்கும் வரை எதையும் அனுப்பாது. கோபுரமே இல்லாமல் இரண்டு கருவிகள் சந்திக்க வேண்டும் என்றால்தான் கணிதம் வேண்டும்.

11 சேனல் என்று வையுங்கள், பகா எண். ஒன்று மும்மூன்றாகத் தாவுகிறது, மற்றது ஐந்தைந்தாக. 11-ஐத் தாண்டினால் முதலிலிருந்து. எங்கே தொடங்கினாலும் சரி, ஒரே தாளத்தில் தாவினால் 11 தாவலுக்குள் ஒரு முறை கண்டிப்பாக ஒரே சேனலில் நிற்பார்கள். இருவரும் ஒரே அளவு தாவினால் கடைசி வரை சந்திக்காமலே போகலாம். அதனால் சில சுற்றுக்கு ஒரு முறை ஓரிடத்தில் நின்று காத்திருக்கும் படியும் சேர்ப்பார்கள். சந்திக்கும் சேனல் ஒருவருக்குக் காலி, மற்றவருக்குக் காலியில்லை என்று வந்தால் அடுத்த சந்திப்புதான் கதி.

13. டிவிக்கு இடைஞ்சல் இல்ல, சரி. ஒரே காலிச் சேனலுக்கு ரெண்டு இணையக் கம்பெனி வந்தா?

வைஃபை போல 'கேட்டுவிட்டுப் பேசு' முறைதான் முதலில் தோன்றும். டிவி பேண்டுக்கான வைஃபை தரமான 802.11ஏ.எஃப். அந்த வழியில் போனது. குறுகிய தூரத்தில் அது சரிவரும். 30 கிலோமீட்டர் தூரத்துக்குச் சிக்னல் போக 100 மைக்ரோசெகண்ட் ஆகும். வைஃபையின் காத்திருப்புத் துண்டோ 9 மைக்ரோசெகண்ட். அவர் பேச ஆரம்பித்தது உங்களுக்குக் கேட்பதற்குள் நீங்களும் ஆரம்பித்திருப்பீர்கள். அதனால் 802.22-இல் கோபுரங்கள் தமக்குள் பேசி, சூப்பர்ஃபிரேமின் 16 ஃபிரேம்களைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

வெவ்வேறு தரத்தைப் பின்பற்றும் இருவர் வந்தால் நியாயம் பேச ஒரு பொது மேடை வேண்டும். 802.19.1 அதற்காக எழுதப்பட்டது. சட்டப்படி பார்த்தால், உரிமமில்லாத இருவரில் யாருக்கும் மற்றவரிடமிருந்து பாதுகாப்பு கிடையாது.

14. இரைச்சலுக்குள்ளேயே ஒளிஞ்சு பேசினா யாருக்கும் தெரியாதே?

அதுவும் ஒரு வழிதான். 2002-இல் எஃப்.சி.சி. அனுமதித்த அல்ட்ரா வைட்பேண்ட், 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை பரவி, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு மைனஸ் 41.3 டிபிஎம்முக்கு மேல் போகாமல் பேசுகிறது. காலியா என்று பார்க்கவே தேவையில்லை. ஆனால் அறைக்குள், சில பத்து மீட்டருக்குள் மட்டும். கிராமத்துக்கு இணையம் கொண்டுபோக உதவாது.

15. சிபிஆர்எஸ், ஏஎஃப்சின்னு சொல்றாங்களே, அதெல்லாம் இதே கதைதானா?

அதே மரத்தின் கிளைகள். அமெரிக்காவில் 3,550 முதல் 3,700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சி.பி.ஆர்.எஸ். (பொதுமக்கள் பிராட்பேண்ட் ரேடியோ சேவை) பட்டைக்கு 2015-இல் விதி வந்தது. அதில் மூன்று அடுக்கு. மேலே கடற்படை ரேடார் போன்ற பழைய உரிமைக்காரர்கள்; நடுவில் ஏலத்தில் முன்னுரிமை வாங்கியவர்கள்; கீழே பொதுவாக யாரும். 2020 ஏலத்தில் நடு அடுக்கு மட்டும் சுமார் 458 கோடி டாலருக்குப் போனது. ரேடார் இருக்கும் இடத்தை டேட்டாபேஸில் எழுதிவைக்கக் கடற்படை சம்மதிக்காது. எனவே கடலோரம் தனிக் காதுகள் நிறுவி, அவை சொல்வதைக் கேட்டு மைய நிர்வாக மென்பொருள் ரேடியோக்களை விலக்குகிறது. சென்சிங்கை ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் திணிக்காமல், நல்ல இடத்தில் நல்ல காதாக வைத்ததுதான் இதன் புத்திசாலித்தனம்.

6 கிகாஹெர்ட்ஸில் ஏ.எஃப்.சி. (தானியங்கி அலைவரிசை ஒருங்கிணைப்பு) என்பது 9-ஆம் கேள்வியின் டேட்டாபேஸ் வழி. அங்கே பாதுகாக்கப்படுபவை நிலையான மைக்ரோவேவ் லிங்குகள் என்பதால் அது பொருத்தமாகவே இருக்கிறது.

16. யாராவது டிவி மாதிரி நடிச்சு எல்லாரையும் துரத்திட்டா?

முடியும். உரிமைக்காரர் வேடத் தாக்குதல் என்று இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பைலட் தொனி போல ஒன்றை அனுப்பினால் சென்சிங் ரேடியோக்கள் மரியாதையாக விலகிவிடும், அந்தச் சேனலைத் தாக்கியவர் தனியாக அனுபவிக்கலாம். சிக்னல் எங்கிருந்து வருகிறது என்று பல இடங்களிலிருந்து அளந்து, தெரிந்த கோபுரத்தின் இடத்தோடு ஒப்பிடுவது ஒரு தடுப்பு. கூட்டாகக் கேட்கும்போது ஒரு கருவி வேண்டுமென்றே பொய் சொல்வது இன்னொரு ஆபத்து. 8-ஆம் கேள்வியின் 'ஒன்று சொன்னாலும் போதும்' விதி அந்தப் பொய்க்கு முழுசாகப் பலியாகும்.

17. நம்ம நாட்டுல காலி இருக்கா? எங்க ஊர்ல நான் போடலாமா?

இருக்கிறது, ஏராளமாக. இந்தியாவில் தரைவழி டிவி தூர்தர்ஷன் மட்டும்தான். தனியார் சேனல்கள் கேபிளிலும் டிஷ்ஷிலும் வருகின்றன. ஐ.ஐ.டி. பம்பாய் குழு 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 15 சேனல்களில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் குறைந்தது 12 சேனல்கள் காலி. நியூயார்க் போன்ற நகரத்தில் தேடித்தேடிக் கிடைக்கும் ஒரு சேனலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதே குழு மகாராஷ்டிராவின் பால்கர் பகுதிக் கிராமங்களில் இதைச் சோதித்தும் காட்டியது. ஒரு கோபுரத்திலிருந்து கிராமங்கள் வரை டிவி பேண்டில், அங்கிருந்து வைஃபையில் என்பது அந்த அமைப்பு. அதன் பிறகு தூர்தர்ஷனின் அனலாக் டிரான்ஸ்மிட்டர்களிலும் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன.

ஆனால் நீங்கள் போட முடியாது. சோதனைக்கு அனுமதி கொடுத்தார்களே தவிர, அமெரிக்கா, பிரிட்டன், சிங்கப்பூர் போல உரிமமின்றிப் பயன்படுத்த இந்தியா இந்தப் பட்டையைத் திறக்கவில்லை. 2022 ஏலத்தில் 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையை வைத்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. விற்காமலும் திறந்துவிடாமலும் கிடக்கும் அலைக்கற்றையால் யாருக்கும் ஒரு ரூபாய் லாபம் இல்லை, அலை தேயப்போவதும் இல்லை. மலையோரத்தில் ஒரு பள்ளிக்கு லிங்க் கிடைக்காமல் தவிப்பவர்களை எனக்குத் தெரியும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இன்று சட்டப்படி செய்ய முடிந்தது: உரிமம் தேவைப்படாத 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளில் விதித்த சக்திக்குள் லிங்க் போடலாம். குறைந்த வேகம் போதும் என்ற சென்சார் வேலைக்கு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் உண்டு. மாணவர்கள் பைத்தானிலோ ஆக்டேவிலோ 6-ஆம் கேள்வியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆன்டெனா மாட்டி டிவி பேண்டில் அனுப்பாதீர்கள்.

18. இவ்வளவு நல்லா இருந்தா இத்தனை வருஷத்துல கடைக்கு வந்திருக்கணுமே?

அமெரிக்காவிலேயே வழி தடுமாறியது. 2012 ஜனவரியில் வட கரோலினாவின் வில்மிங்டனில் சேவை தொடங்கியது. சிப் தயாரிப்பாளர் கோடிக்கணக்கில் விற்கும் என்றால்தான் விலையைக் குறைப்பார். அந்த நேரத்தில் எஃப்.சி.சி. டிவி பேண்டின் மேல்பகுதியையே ஏலம் விடப்போவதாக அறிவித்தது. 2017-இல் முடிந்த அந்த ஏலத்தில் 84 மெகாஹெர்ட்ஸ் கைமாறியது. டிவி நிலையங்கள் கீழே நெருக்கி அடுக்கப்பட்டன. நாளைக்கு எத்தனை சேனல் மிஞ்சும் என்று தெரியாத சந்தைக்கு யார் தொழிற்சாலை திறப்பார்கள்? நுட்பம் தோற்றது என்று சொல்வது தவறு. விதி நிலையாக நிற்காததுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து. விதி நிலைத்த இடங்களில், சி.பி.ஆர்.எஸ். போல, கருவிகள் வந்தன.

19. நான் விதிப்படி பக்கத்துச் சேனல்லதான் அனுப்புறேன், என் கசிவும் சரி. இருந்தும் ஒருத்தர் டிவி தடுமாறுது. தப்பு யாருடையது?

11-ஆம் கேள்வியில் உங்கள் பக்கத்துக் கசிவைப் பார்த்தோம். இது மறுபக்கம். ரிசீவரின் ஃபில்டர் மட்டமாக இருந்தால், உங்கள் சேனலில் சுத்தமாக இருக்கும் உங்கள் சிக்னலே அதன் முன்முனைக்குள் புகுந்து திணறடிக்கும். நீங்கள் எதையும் திருத்த முடியாது, ஏனென்றால் உங்களிடம் பிழை இல்லை. 2022 ஜனவரியில் அமெரிக்க விமானத் துறையில் நடந்தது இதுதான். 5ஜி 3.98 கிகாஹெர்ட்ஸில் முடிகிறது, விமான உயரமானி 4.2-இல் தொடங்குகிறது, நடுவில் 220 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. அப்படியும் பழைய உயரமானிகள் தடுமாறலாம் என்ற அச்சத்தில் விமான நிலையங்களைச் சுற்றி 5ஜியைத் தள்ளிவைத்தார்கள். விமானங்களில் ஃபில்டர் மாற்ற வேண்டி வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு ஏப்ரலில், இடைஞ்சலுக்கு அனுப்புபவர் மட்டுமல்ல, கேட்கும் கருவியும் பொறுப்பு என்று எஃப்.சி.சி. ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது.

பொறியியலின்படி பார்த்தால் தப்பு அந்த டிவியுடையதாக இருக்கலாம். சட்டப்படி, உரிமமில்லாத கருவி பாதுகாக்கப்பட்ட ஒருவருக்குத் தீங்கான இடைஞ்சல் செய்தால் நிறுத்த வேண்டியது நீங்கள்தான். முதலில் ஒரு சேனல் தள்ளிப் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் ஆன்டெனாவின் திசையை மாற்றுங்கள், சக்தியைக் குறையுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால், அவர் ஆன்டெனா வயர் டிவிக்குள் நுழையும் இடத்தில் நீங்களே ஒரு ஃபில்டர் வாங்கி மாட்டிக் கொடுங்கள்.